கீழ்வீட்டு ஃபிரீசரில் வெள்ளை அமரில்லிஸ்

முடிச்சூரில் அமரில்லிஸ் பூச்செடி வளர்க்கிறவனுக்குப் புத்தி கிடையாது. தொட்டியில் மழைத் தண்ணீர் நிற்கும், கிழங்கு அழுகும். போன மழையில் என் வெள்ளைச் செடி அப்படித்தான் செத்தது. அந்த நிறத்தில் என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான். அதற்கு முந்தைய கோடையில் அது பூத்தபோது எடுத்துவைத்த மகரந்தம் மட்டும் மிச்சம்.

என் சிவப்புச் செடி வெள்ளை பூத்து ரொம்ப நாள் கழித்துத்தான் மொட்டு விடும். சில வருஷம் விடவே விடாது. இரண்டையும் கலந்து ஒரு புதுச் செடி எடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அதனால் வெள்ளையின் மகரந்தத்தைக் காயவைத்து, செருப்பு டப்பாவில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதோடு ஒரு கண்ணாடி டப்பாவில் அடைத்து ஃபிரீசரில் வைத்திருந்தேன். உருகி ஈரம் பட்டால் அந்த மஞ்சள் பொடி வெறும் தூசு.

இந்தக் கோடையில் சிவப்பு மொட்டு விட்டது. விரியப் போகிற நேரத்தில் மழை அடித்து மாடியில் எங்கள் கரண்ட் ஃபேஸ் மட்டும் போய்விட்டது. கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த வீட்டுக்காரம்மாவுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. என் தொட்டித் தண்ணீர் தன் துணியில் சொட்டுகிறது என்று அவர் கத்துவார், நானும் திருப்பிக் கத்துவேன். வேறு வழியில்லாமல் டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினேன். ஃபிரீசரில் வைக்கச் சொன்னேன், திறக்கக் கூடாது என்றேன். என்னவென்று சொல்லவில்லை. அவரும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கரண்ட் வந்ததும் போனேன். படியிலேயே மீன் வறுத்த வாசனை. ஃபிரீசரைத் திறந்து காட்டினார். துடைத்துவிட்ட தட்டில் என் டப்பா மட்டும் இருந்தது.

"கோயில் மஞ்சளோட மீன எப்டி சார் வெக்கிறது? பூச்சி புடிக்காம இருக்க குடுத்துக்கீறீங்கன்னு நெனச்சேன். அதான் எல்லாத்தையும் வறுத்து அக்கம்பக்கம் குடுத்துட்டேன். புள்ளைங்கள ஃபிரீசரத் தொடவே வுடல."

மஞ்சள் இல்லை, பூவின் மகரந்தம் என்றேன்.

"பூவுக்கா? அத்தனையும் வஞ்சிரம் சார். வாயத் தொறந்து சொன்னா இன்னா? சண்டைக்கு மட்டும் நல்லாத் தொறக்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சிவப்பு விரிந்ததும் தூரிகையால் தடவினேன். மகரந்தம் செத்திருந்தால் பூவோடு காம்பும் வாடி விழும். விழவில்லை. பூ உதிர்ந்த இடம் பச்சையாக உப்ப ஆரம்பித்தது. எனக்கு இனிக்கப் பேச வராது, ஆனாலும் கீழே இறங்கிப் போனேன். பேச்சே இல்லாத ஒருத்தனின் டப்பாவுக்காக யார் தங்கள் வீட்டு மீனைக் காலி செய்வார்கள்? சாமிக்காகச் செய்தார் என்றாலும் பிழைத்தது என் செடிதான்.

"காய் புடிச்சிருக்குக்கா. உங்களாலதான்."

இன்னா கலர் என்று கேட்டார். தெரியாது, விதை முளைத்துப் பூக்க மூன்று வருஷமாவது ஆகும் என்றேன்.

"ஆவட்டுமே. நாம எங்க போவப்போறோம்?"