குணாக்காவின் தலைவலியும் "எச்.ஐ.வி. இல்லை" என்ற ரிப்போர்ட்டும்

லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, எந்த வியாதிக்கும் நாம் மருந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு கஷ்டமும் உண்டு, டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் எல்லாரும் நம்மிடம்தான் கேட்பார்கள். ஊசி குத்துகிறவராக இருந்தாலும் சரி, குத்தக் கை நீட்டியவராக இருந்தாலும் சரி, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். நான் கோலார் தங்க வயலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் லேபில் டெக்னீஷியன். இங்கே சொல்வதெல்லாம் மாரிகுப்பத்து குணசுந்தரிக்கு நடந்தது. எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். தாராளமா எழுது, பேரை மட்டும் மாத்திடு என்றார். மாற்றிவிட்டேன்.

பெஞ்சு வைத்தியம்

குணாக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. காலையில் முதல் ரயிலைப் பிடித்துப் போய், இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தலைவலி. கண்ணாடி மாற்றிப் பார்த்தார். சைனஸ் என்று ஒருவர் மருந்து கொடுத்தார், மைக்ரேன் என்று இன்னொருவர் கொடுத்தார். எங்களிடம் வந்த அன்று அவருடைய கணவர் செல்வம் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார் குணாக்கா.

எங்கள் லேபுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்காருகிற எல்லாரும் பாதி டாக்டர்கள். ரயில் ஜன்னல் காற்றுதான் காரணம் என்றார் ஒருவர். சுக்கு அரைத்துப் பற்றுப் போடச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் திருஷ்டி என்று முடிவே கட்டிவிட்டார். குணாக்கா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து கை நீட்டியபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவங்க சொன்னதெல்லாம் ஏற்கனவே செஞ்சு பாத்துட்டேன் சிஸ்டர். இந்தத் தலைதான் யார் பேச்சும் கேக்க மாட்டேங்குது."

ஒரு சொட்டு மை

எங்கள் டாக்டர் ஷைலஜா கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். குணாக்காவின் கழுத்தை மடக்கிப் பார்த்தார். அது மடங்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார். நீர் சொட்டாக வராமல் பீறிக்கொண்டு வந்தது; தலைக்குள் அழுத்தம் அவ்வளவு. மூளைக்காய்ச்சல் என்பது தெரிந்துவிட்டது. டி.பி.யாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தோம். இருந்தாலும் மை டெஸ்டும் பார்த்துவிடச் சொன்னார்.

இது சுலபமான டெஸ்ட். கண்ணாடித் துண்டில் அந்த நீர் ஒரு சொட்டு, கருப்பு மை ஒரு சொட்டு, மேலே மெல்லிய கண்ணாடி. பெரும்பாலும் வெறும் கருப்புதான் தெரியும். அன்று கருப்புக்கு நடுவில் உருண்டை உருண்டையாக என்னவோ இருந்தது, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிச்சமாக ஒரு வளையம். ஒன்று மொட்டு விட்டுக்கொண்டிருந்தது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன். அழகாக இருந்தது என்றால் தப்பாக நினைக்காதீர்கள். அது கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சை. டாக்டரைக் கூப்பிட்டேன். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "காத்துல இருக்கறதுதான், நாம எல்லாரும் இதை சுவாசிக்கிறோம். ஆனா இவங்க மூளை வரைக்கும் இதை யார் விட்டாங்க? முதல்ல எச்.ஐ.வி. பாருங்க."

செல்வத்தின் கை

டாக்டர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் இந்தப் பூஞ்சை அதிகம் பிடிக்கும். குணாக்காவிடம் விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு, டெஸ்ட் செய்தேன். இல்லை என்று வந்தது. வேறு முறையிலும் பார்க்கச் சொன்னார் டாக்டர். அதிலும் இல்லை. சர்க்கரை இல்லை, ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை, புற்றுநோய்க்கான அடையாளமும் இல்லை. டாக்டரே கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, எச்.ஐ.வி. கிடையாது என்று தெளிவாகச் சொன்னார்.

ஆனால் வெளியே அதற்குள் வேறு கதை ஓட ஆரம்பித்திருந்தது. செல்வத்தின் தங்கை லலிதா, சீட்டில் இருந்த பூஞ்சையின் பெயரை போனில் தட்டிப் பார்த்திருக்கிறாள். முதலில் வந்ததே எய்ட்ஸ். போனை அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினாள். செல்வம் நின்றபடியே படித்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார், நேராக லேபுக்குள் வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். உங்களுக்கு யாரும் டெஸ்ட் எழுதவில்லையே என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. "அவளுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். நாளைக்கு நம்ம லைன் வீடுங்கள்ல நாலு பேரு அவளைக் கேள்வி கேக்கசொல்ல நான் தனியா தள்ளி நின்னுக்கினு இருக்கக் கூடாது. எனக்கும் எடுங்க."

அவருக்கும் இல்லை.

புறாவா, மரமா?

குணாக்காவை அன்றைக்கே பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். நரம்பில் ஏறுகிற மருந்து பொல்லாதது. அது ஏற ஆரம்பித்ததும் குளிர் நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. தலையின் அழுத்தம் குறைய, திரும்பத் திரும்ப முதுகில் நீர் எடுத்தார்கள். நடுவில் ஒருநாள் பார்வை சுத்தமாக மங்கிவிட்டதாம். செல்வம்தான் சொன்னார்.

அங்கிருந்த டாக்டர்களுக்கும் எங்கள் டாக்டருக்கு வந்த அதே கேள்விதான்; கூடவே பூஞ்சை எங்கிருந்து வந்தது என்றும் தேடினார்கள், புறா எச்சத்திலும் அது இருக்குமாம். வீட்டில் புறா வளர்க்கிறீர்களா? பாழடைந்த கட்டடம் பக்கத்தில் இருக்கிறதா? தைல மரத்தடியில் உட்காருவீர்களா? இந்தப் பூஞ்சையில் ஒரு வகை தைல மரத்தடியில் இருக்குமாம். வறண்டுபோன உதட்டோடு குணாக்கா சிரித்தார். நான் போன பிறகு முதல் சிரிப்பு அதுதான். "தைல மரம் இல்லாத எடத்துல என்னைக்காவது மூச்சு வுட்டியான்னு கேட்டா யோசிச்சு பதில் சொல்லலாம். நம்ம ஊர்ல அந்த மாதிரி எடம் எங்க கீது சிஸ்டர்?"

மணிக் கம்பி

குணாக்கா பிழைத்து, மெலிந்து, வீடு திரும்பினார். பெங்களூரில் அவருடைய ரத்தத்தை ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு வந்ததும் டாக்டர் ஷைலஜா குடும்பத்தையே வரச் சொன்னார். நான் நாலு தடவை கேட்டு நச்சரித்திருந்ததால் என்னையும் கூப்பிட்டார்.

நுரையீரலில் கிருமியை விழுங்கிச் செரிக்கிற செல்கள் இருக்கின்றன. அவை வேலை செய்ய உடம்புக்குள்ளிருந்தே ஒரு சமிக்ஞை போக வேண்டும். கிருமியோடு சண்டை போடுவதற்கென்று நம் ரத்தத்தில் ஆன்டிபாடி உண்டாகும் அல்லவா? குணாக்காவின் உடம்பு அந்தச் சமிக்ஞைக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்து வைத்திருக்கிறது. அவை சமிக்ஞையைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. பூஞ்சை உள்ளே வந்ததும் செல்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கின்றன. டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் குணாக்காவின் மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "அப்போ சுரங்கத்து ஷாஃப்ட்ல ஆளுங்க போற கூண்டு, அந்தக் கேஜை இறக்கறதுக்கு மணி அடிப்போமே, அந்த மாதிரி. கேஜும் இருக்குது, ஆளும் இருக்குறான். மணிக் கம்பியை மட்டும் நம்மாளே வெட்டிப்புட்டான்." அப்படியேதான் என்றார் டாக்டர்.

குணாக்கா டாக்டரின் பக்கம் திரும்பினார். என் உடம்பு எதுக்கு அந்த வேலை பண்ணுச்சு மேடம், நான் அதுக்கு என்ன செஞ்சேன் என்று கேட்டார். டாக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "நீங்க ஒண்ணும் செய்யல. ஏன்னு எனக்குத் தெரியாதும்மா. தேடிட்டு இருக்காங்க. தெரிஞ்சா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்."

பந்தியில் ஒரு காலி நாற்காலி

எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பகுதியில் ஒரு கல்யாணம், நானும் போயிருந்தேன். குணாக்காவின் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. வந்த பெண்கள் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். குணாக்கா இலையைத் துடைத்தார். துடைத்த இலையையே திரும்பவும் துடைத்தார். நான் எழுந்து போகலாம் என்று நினைப்பதற்குள் லலிதா வந்து அங்கே உட்கார்ந்தாள். அந்த போனை நீட்டிய அதே லலிதாதான். எதிர்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, பரிமாறுகிறவரிடம் சொன்னாள்: "எங்க அண்ணிக்கு எய்ட்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரத்தத்துல போலீசு கொஞ்சம் கூடிப்போச்சு, திருடனை வுட்டுட்டு வூட்டு ஆளையே புடிச்சுட்டாங்க. ஒட்டிக்கறது எதுவும் இல்ல. ரெண்டு இலைக்கும் சாம்பார் ஊத்துங்க."

குணாக்கா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறார். நுரையீரலை அவ்வப்போது ஸ்கேனில் பார்க்கிறார்கள். ஒரு கண் ஓரப்பார்வையில் கொஞ்சம் இரண்டாகத் தெரிகிறது என்கிறார். ரயில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார்.

எங்கள் தொழிலில் "இல்லை" என்று ரிப்போர்ட் அடிக்கக் கொஞ்ச நேரம் போதும், அதை ஊர் நம்புவதற்குத்தான் சாம்பார் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.