எண்ணூறு வெள்ளிக்கு ஒரு சிவப்புக் கார்

1. வேன் போயிற்று

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் மேனேஜர் சின்னத்தம்பி சேல்ஸ்மேன்கள் நான்கு பேரையும் தம் அறைக்குக் கூப்பிட்டு, கம்பெனி வேனை விற்றுவிட்டதாகச் சொன்னார். பழைய நாற்காலியைத் தூக்கிப் போட்டதைச் சொல்வதுபோல் சொன்னார். எங்களுக்குத்தான் உட்கார இடம் போனதுபோல் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூர் சிசில் ஸ்திரீட்டில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். சோப்பு, முகப்பவுடர், இருமல் மருந்து, டின் பிஸ்கட் எல்லாம் விற்றோம். கம்பெனி வேனில் போய், சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பது என் வேலை. சரக்கு மறுநாள் லாரியில் போகும். சிராங்கூன் ரோட்டுக் கடைகளும், அங்கிருந்து வடக்கே மார்சிலிங் வரை உள்ள கடைகளும் என் ரூட்.

சின்னத்தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது. அதனாலேயே அவரைக் கண்டால் பயம்.

"இனிச் சொந்தக் கார் வச்சிருக்கிற ஆளுக்குத்தான் ரூட். பெற்றோல் காசு கொம்பனி தரும். கார் இல்லாத ஆளுக்குக் குடோனில இடம் இருக்கு. மாதக் கடைசி வரைக்கும் தவணை. விளங்குதோ?"

நன்றாக விளங்கியது. குடோனில் கமிஷன் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. எங்களுக்கு முன்பு அங்கே அனுப்பப்பட்ட ஒருவர் எலிகளோடு பழகிப் பழகி, கடைசியில் மனிதர்களைக் கண்டாலும் 'உஷ், உஷ்' என்று விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஐந்து மாதம். கையில் இருந்தது எண்ணூறு வெள்ளி; டாலரைத்தான் வெள்ளி என்போம். அதில் பாதி மொய்ப்பணம். லைசென்ஸ் மட்டும் இருந்தது.

2. மூன்று கார்கள்

பழைய கார் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பணத்தை எண்ணுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கைப் பிடியுங்கள். என்னுடைய ஆள் கோவிந்து. ஃபேரர் பார்க்கில் நாங்கள் குடியிருந்த அறைக்குப் பின்சந்தில் பட்டறை வைத்திருந்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வார். டாக்டர் மாதிரியே எதுவும் சொல்லமாட்டார்.

முதல் கார் கறுப்பு நிறம், நான்கு கதவு, கௌரவமான தோற்றம். ஹாரன் அடித்தால் விளக்கு அணைந்தது. இரண்டாவது கார் டாக்ஸியாக ஓடி ஓய்வு பெற்றது. கோவிந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். கால் சுற்று வரை சக்கரத்துக்குச் செய்தியே போகவில்லை.

"இதுல போனா நீ திரும்பணும்னு முந்தின நாளே முடிவு பண்ணிடணும்" என்றார்.

மூன்றாவது காரைச் சிலேத்தாரில் பார்த்தோம். அங்கே பிரிட்டிஷ் முகாமில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் நான்கு நாளில் கப்பலேறப் போகிறான் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. போய்ப் பார்த்தால் சிவப்பு நிறத்தில் சின்னதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே எங்கோ ஓடிப்போகிற மாதிரி ஒரு முகவெட்டு. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். தவறு அவர்கள்மேல் இல்லை.

கோவிந்து ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக அவர் முகம் மலர்ந்தது.

"என்ஜின் தங்கம் லா" என்றார் மெதுவாக, அந்த வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரிந்துவிடும் என்று பயந்தவர் போல.

"அப்புறம் ஏன் எண்ணூறுக்குத் தர்றான்?"

"கூரை எங்கேன்னு கேளு."

கேட்டேன். கேன்வாஸ் கூரை ஒன்று இருந்ததாம். கிறிஸ்துமஸ் விருந்தில் நண்பர்கள் அதன்மேல் நின்று பாடினார்களாம். பிறகு இல்லையாம்.

கோவிந்து பக்கத்துச் சீட்டின் கீழ் இருந்த கயிற்றுப் பாயைத் தூக்கிக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. கீழே புல் தெரிந்தது.

"நீ ஓட்டுற பக்கம் கெட்டியா இருக்கு. இந்தப் பக்கந்தான் உளுத்துப்போச்சு. வெல்டிங் அடிச்சா சரியாயிடும், ஆனா அதுக்குத் தனியாக் காசு வேணும். இப்போதைக்குப் பிளைவுட் போட்டுத் தர்றேன். சாம்பிள் பெட்டியை வச்சுக்க. ஆளை ஏத்தாதே."

புத்தியுள்ளவன் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பி வந்திருப்பான். நான் காரில் உட்கார்ந்து பார்த்தேன். அதோடு புத்தியின் வேலை முடிந்தது.

வீட்டுக்கு ஓட்டி வந்ததும் மனைவி பாக்கியம் மாடியிலிருந்து இறங்கி வந்து, காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"மிச்சம் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

3. ஒரு சின்னப் பொய்

சின்னத்தம்பி ஆபீஸ் வாசலில் நின்று காரை வெகுநேரம் பார்த்தார்.

"துரைராஜ், நீர் சோப்பு விக்கப் போறீரோ, இல்லாட்டிப் படத்தில நடிக்கப் போறீரோ?"

"கார் இருந்தாப் போதும்னு சொன்னீங்க சார்."

"ஓம், சொன்னனான். எத்தினை சீற் எண்டு சொல்லேல்லை. அது என்ர பிழை."

ரூட் எனக்கே கிடைத்தது. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நுழைந்தேன். தினமும் காலையில் அரை மணி நேரம் காரைத் துடைப்பேன். ஓட்டை உள்ள பக்கம் யார் கண்ணிலும் படாதபடி சுவரை ஒட்டி நிறுத்துவேன். பூ கட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பணமாற்றுக்காரர் எழுந்து நின்றே பார்த்தார். இருபத்தேழு வயதில் இதெல்லாம் ஓர் ஆளுக்கு நல்லதல்ல.

என் ரூட்டில் பெரிய கடை காதர் பாய் கடை. மளிகையும் மற்றவையும் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்றார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. அவர் எந்தச் சோப்பை அடுக்கினாரோ அதையே மற்ற கடைக்காரர்களும் அடுக்குவார்கள்.

"என்ன தம்பி, ராஜகுமாரன் மாதிரி வர்றே. எவ்வளவு குடுத்தே?"

எண்ணூறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். "ரெண்டாயிரத்து ஐந்நூறு பாய்" என்று வந்துவிட்டது.

பாய் தலையை ஆட்டினார். "நல்லா இரு" என்றார். "ஆர்டர் இந்த வாரம் வேண்டாம். சரக்கு இருக்கு."

அடுத்த வாரமும் சரக்கு இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. அடுத்த கடையில் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அதற்கடுத்த கடையில் தொழுகைக்கு. எதிர்க்கடைச் செட்டியார் என்னைக் கண்டதுமே பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். போன தடவை இடது கன்னம், இந்தத் தடவை வலது.

ஆறு வாரம் இப்படிப் போனது. சின்னத்தம்பி என் ஆர்டர் புக்கைப் புரட்டினார். புரட்ட அதிகம் பக்கம் இல்லை.

"குடோனில நல்ல காத்து வருகுது எண்டு சொல்லுகினம்" என்றார். "இன்னும் ரண்டு கிழமை பாப்பம்." அவர் பேச்சில் கிழமை என்றால் வாரம்.

அந்த வாரம் பாக்கியம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

4. பின்னால் வந்த செருப்பு

அடுத்த வாரம் காதர் பாய் கடைக்குப் போனேன். அவர் ஒரு டிபன் கேரியரோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"நீ மார்சிலிங் பக்கம் போறியா?"

"போறேன் பாய்."

"அங்க நம்ம கிளைக்கடையில தம்பி காய்ச்சலாக் கிடக்கான். லாரி ரிப்பேர். என்னையும் கொண்டுபோய் விட்டுடு. ஆர்டர் கிர்டர்னு வாயைத் திறக்காதே."

ஆளை ஏற்றாதே என்று கோவிந்து சொன்னது ஞாபகம் வந்தது. முடியாது என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பாரே. சாம்பிள் பெட்டியைப் பின்னால் திணித்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். அதில் கஞ்சி இருந்தது.

புக்கிட் தீமா ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த ரோட்டோரக் கால்வாய் நிரம்பினால் ரோடும் கால்வாயும் ஒன்றாகிவிடும்.

"கூரையைப் போடு தம்பி."

"கூரை இல்லை பாய்."

"வீட்ல வச்சுட்டியா?"

"எங்கயுமே இல்லை பாய்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தொப்பியிலிருந்து நீர் வடிந்தது. சற்று நேரத்தில் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். நனைந்த பிளைவுட் நழுவிவிட்டது. தண்ணீர் கீழேயிருந்து ஊற்றுபோல் அடித்தது. பாய் காலை மேலே இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

அவர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என் செருப்பு பின்னால வருது."

நான் பிரேக் போட்டேன். என்ஜின் இருமிவிட்டு நின்றது. செருப்பு எங்களைக் கடந்து மிதந்து போய்க் கால்வாய்ப் பக்கம் திரும்பியது. இருவரும் அது போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. முழங்கால் அளவுத் தண்ணீர். ஒரு கையில் கஞ்சி, இன்னொரு கையால் காரைத் தள்ளினார் காதர் பாய். கொஞ்ச தூரம் தள்ளியாயிற்று. பிறகு கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. எவ்வளவு குடுத்தே?"

"எண்ணூறு."

அவர் தள்ளுவதை நிறுத்தினார். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. கஞ்சி சிந்தியது.

"எண்ணூறா? அடப்பாவி. நாங்க உங்க கம்பெனிகிட்ட அஞ்சு பெர்சென்ட் தள்ளுபடி கூடுதலாக் கேட்டா, முடியாது, லாபமே இல்லைன்னு அழுவீங்க. ஆர்டர் எடுக்கிறவனே ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பந்தயக் கார்ல வந்து இறங்குறான். எங்களை எவ்வளவு கொள்ளையடிக்கிறீங்கன்னு எல்லாரும் கூடிப் பேசித்தானே ஆர்டரை நிறுத்தினோம். அன்னைக்கே எண்ணூறுன்னு சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சு பாய்."

"இப்ப?"

நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. டை சட்டைப்பைக்குள் புகுந்திருந்தது.

"இப்ப பழகிடுச்சு" என்றேன்.

மேட்டில் ஏறியதும் பிளக்கைத் துடைத்துப் போட்டேன். தங்கம் என்று கோவிந்து சொன்ன என்ஜின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. அந்த ஒரு விஷயத்தில் நான் ஏமாறவில்லை.

மார்சிலிங் கடையில் அவர் தம்பி போர்வைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்து, தன்னைவிட எங்களுக்குத்தான் காய்ச்சல் அதிகம் வரும் என்றார். மிஞ்சிய கஞ்சியை அவருக்குக் கொடுத்துவிட்டு, காதர் பாய் மேசையில் உட்கார்ந்து என் ஆர்டர் புக்கைக் கேட்டார். தானாகவே கேட்டார். சோப்பு, பவுடர், இருமல் மருந்து என்று ஒன்றரைப் பக்கம் சொன்னார். நான் எழுதினேன். தாள் ஈரமாக இருந்ததால் பென்சில் இரண்டு இடத்தில் கிழித்தது.

"கடைசியா எழுது. செருப்பு ஒரு ஜோடி, ஒன்பதாம் நம்பர். அது கம்பெனி லாரியில வரக்கூடாது. நீ கொண்டாந்து குடுக்கணும்."

5. அதன் பிறகு

கதை என்னை முந்திக்கொண்டு சிராங்கூன் ரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த முறை நான் போனபோது கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்குமுன் ஓட்டையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கயிற்றுப் பாயைத் தூக்கிக் காட்டினேன். செட்டியார் கையை விட்டுப் பார்த்தார். பல்வலி போயிருந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் சிரித்து முடித்ததும் புக்கை நீட்டச் சொன்னார். இப்போது நான் அவர்களுக்குத் தெரிந்த ஆள். தங்களைப் போலவே கையில் இருந்ததற்கு ஏதோ ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவன்.

சின்னத்தம்பி புக்கைப் புரட்டிவிட்டு, "ஓட்டைக் காருக்கு இவ்வளவு ஓடரோ? மற்ற ஆக்களையும் ஒண்டு வாங்கச் சொல்லட்டோ?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வந்த கமிஷனில் கோவிந்துவிடம் வெல்டிங் அடிக்கக் கொடுத்தேன். பாக்கியம் அதன் பிறகே ஏறினாள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. ஒரு வருடத்தில் குழந்தை பிறந்தது. அந்தக் காரை விற்று, நாலு கதவும் கூரையும் உள்ள சாம்பல் நிறக் கார் ஒன்றை வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நல்ல கார்.

முப்பத்தொரு வருடம் இந்த லைனில் இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் சட்டை எப்படிப் போட வேண்டும், கை எப்படிக் குலுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைக்காரர் உங்கள் வண்டியைப் பார்த்து விலை கேட்டால், கொடுத்த விலையைச் சொல்லுங்கள். அதிகம் கொடுத்து ஏமாந்திருந்தால் சிரிப்பார். குறைத்து வாங்கியிருந்தால் தனக்கும் ஒன்று பார்த்துத் தரச் சொல்வார். இரண்டிலும் ஆர்டர் வரும்.