கரையில் விட்ட தண்ணீர்க் கேன்

கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள சிறு தீவொன்றில், மீனவர்கள் தங்கிக் கருவாடு காயவைக்கும் வாடியின் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கும் ஈ, உப்புக்காற்று; குடிதண்ணீர்கூடப் படகில்தான் வர வேண்டும். எதையும் எண்ணிப் பார்ப்பவன் நான். வந்திறங்கும் பதினைந்து தண்ணீர்க் கேன்களில் ஒன்று எப்போதும் கரையிலேயே கிடந்தது.

"அது கிடக்கட்டும், கிளாக்கர் மாமா. கடலால வாறவங்களுக்கு" என்றார் வாடிக்காரர் ஒருவர்.

"எவன் வாறான்? களவு போனா நான்தானே பதில் சொல்லணும்!" என்று எரிந்து விழுந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அதையும் களஞ்சியத்துக்குள் வைத்து, இரும்புக் கதவைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊர்ப் பள்ளியில் ஜும்ஆ தொழப் படகேறினேன். மற்ற எல்லோரும் கூடவே வந்தார்கள்.

மாலையில் திரும்பியபோது களஞ்சிய வாசலில் அண்ணன் தம்பி இருவர் கிடந்தார்கள். இயந்திரம் பழுதாகி, இரண்டு நாள் கடலில் மிதந்து கரை சேர்ந்தவர்கள். கதவைக் கல்லால் அடித்ததில் கைகள் கிழிந்திருந்தன. தம்பிக்குக் கண் சொருகியிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊட்டிய பிறகே கண் திறந்தான். அண்ணன் என் சட்டையைப் பிடித்தான்.

"தண்ணியப் பூட்டிட்டு ஜும்ஆவுக்குப் போன மனிசனா நீ?"

அவன் கையை யாரும் விலக்கவில்லை.

இன்றும் வாடியில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. ஆனால், படகேறுமுன் கரைக் கேனை நானே நிரப்பி வைக்கிறேன். திறப்பை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறேன். எண்ணும்போது பதினான்கோடு நிறுத்திவிடுகிறேன்.