மொட்டைக்குக் குரல் கொடுத்த வகுப்பு

என் வீட்டுக்காரி ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுத்தவள். நான் எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வெல்டிங் பட்டறையில் புகை தின்கிறவன். எங்கள் ஜோடியைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். அவள் வகுப்புக்கு வேண்டிய சாமான்களைச் செய்துகொடுத்தது இந்தக் கைதான்.

புத்தகத்தைத் திறந்து ஒப்பிக்கிற வேலையே அவள் வகுப்பில் கிடையாது. பாடத்தில் வரும் வீட்டைச் செருப்புப் பெட்டிக்குள் கட்டிக் காட்ட வேண்டும். துணிப்பைக்குள் கைவிட்டு, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே வர்ணிக்க வேண்டும். ஒருமுறை என் பட்டறைக் கையுறையைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"செத்த ஆமை, டீச்சர்!" என்று ஒருத்தன் அலறினானாம்.

"உங்க கையைத் தொட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது.

உடம்பு தேறியதும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியர் தங்கமான மனுஷன். ஆனால் பெற்றோர் என்றால் தொடைநடுங்கி.

"பேச முடியாதவங்க மொழிப்பாடத்த எப்படிங்க நடத்துவாங்க? நூலகத்துல உக்காரட்டுமே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவள் கைச்சிலேட்டில் எழுதி அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்: 'ஒரே ஒரு வகுப்பு. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.'

பழைய காலுறையில் பொம்மை தைத்தாள். பொத்தான் கண், தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. பிள்ளைகள் அதற்கு மொட்டை என்று பேர் வைத்தார்கள். பொம்மையை அவள் ஆட்டுவாள். யார் வேண்டுமானாலும் எழுந்து அதற்காகப் பேசலாம். மற்றவர்கள் அதைக் கதையாக எழுத வேண்டும். நான் இரும்புக் குழாயில் மேடை செய்துகொடுத்தேன். அதில் ஒரு கால் ஆடியது. அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தலைமை ஆசிரியர் வகுப்பின் கடைசியில் நின்றார்.

மொட்டை கொட்டாவி விட்டது. "ஐயோ, முதல் பீரியடே கணக்கா!" என்று ஒரு பையன் கத்தினான். வகுப்பே உருண்டது. தலைமை ஆசிரியரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காரியம் கைகூடிவிட்டது என்று நினைத்தேன்.

மொட்டை தலையை ஆட்டி மிரட்டியது. அப்போது ஒரு பெண் எழுந்தாள். யாரைப் போல வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர்.

"ஏய், கடைசி பெஞ்சு! அங்க என்னடா மாநாடு? கதையத் தொலைச்சுட்டு என்னடா தேடுறீங்க?"

என் மனைவியின் குரல். அதே இழுப்பு, முடிவில் அதே செல்லக் கோபம். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! மேடைக் காலை விட்டுவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மேடைக்குப் பின்னால் அவள் தரையில் உட்கார்ந்து, பொம்மை மாட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"டீச்சருக்குப் பிடிக்கும்னுதான் அவங்க மாதிரியே..." என்றாள் ரேடியோ. மேடையில் மொட்டையைக் காணாமல் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

மணி அடித்ததும் தலைமை ஆசிரியர் ஓடிவந்தார். "பிரமாதம்மா! நாளைக்கே வகுப்புக்கு வந்துடுங்க."

அவள் 'நூலகம்' என்று எழுதிக் காட்டினாள்.

வாசலுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? ஜெயிச்சவ எதுக்கு ஓடுற?"

வண்டியில் சாய்ந்துகொண்டு மெல்ல எழுதினாள்: 'வகுப்புக்குப் போனால் பாடம் நடத்த மாட்டேன். அந்தக் குரல் எப்போது வரும் என்றே உட்கார்ந்திருப்பேன்.'

வண்டியைக் கிளப்பினேன்.

சில நாள் கழித்து ரேடியோவின் அம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். "அண்ணே, டீச்சரை நான்தான் வகுப்பை விட்டே விரட்டிட்டேன்னு எம்பொண்ணு நினைக்கிறா. வீட்ல வாயையே திறக்க மாட்டேங்கிறா."

அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் போனோம். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என் மனைவி அவளை முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டு, எழுதிக் காட்டினாள்: 'நீ தப்பே செய்யவில்லை. அழகாகப் பேசினாய்.'

பெண் படித்துவிட்டுத் தலையாட்டினாள். என் மனைவி தன் காதைத் தொட்டு, எழுத்தைக் காட்டி, அவள் வாயைக் காட்டினாள்.

"வாய்விட்டுப் படிக்கணுமாம் கண்ணு. அவ கேக்கணும்ங்கறா" என்றேன்.

பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையசைத்தாள். என் மனைவி சிலேட்டை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் நான்தான் அதை வாங்கிக்கொண்டேன்.