கெளுத்தி முள்ளும் ஒரு கிளாஸ் டீயும்

என்னைக் குத்தியது செத்த மீன். விஷ ஜந்துக்களைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான், பழவேற்காட்டு ஏரிக்கரையில் கூடையில் கிடந்த கெளுத்தியைப் புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடித்தேன். முள் விரலில் ஏறியது. பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் வயதுக்குப் பொருந்தாத குரலில் கத்தினேன்.

பெஞ்சின் மறுமுனையில், அப்போதுதான் ஏரியிலிருந்து கரையேறிய ஓர் அம்மாள். சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இவர் பறியை இறக்கிவைத்த பிறகும் பல்லைக் கடித்தபடியே பேசினார்.

"கெளுத்தியா? சூடு பட்டா வெசம் எறங்கிடும்."

ஈரப் புடவையில் நடுங்கிக்கொண்டே, தனக்கு வாங்கிய டீயில் தன் விரலை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து அதில் அமுக்கினார்.

"செத்த மீன் எப்படிம்மா குத்தும்?"

"அது எங்க குத்துச்சு? பயந்தா முள்ள நிமித்திக்கினு சும்மா கெடக்கும். செத்தாலும் அப்படியேதான். நீதான் போய் குத்திக்கின நைனா."

வலி மெல்ல இறங்கியது. நான் வாங்கிக் கொடுத்த வேறு டீயைக் குடித்துவிட்டு, பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏரிக்குப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. குளிரில் நடுங்குகிற ஒருவர், முன்பின் தெரியாதவனின் விரலுக்குத் தன் டீயைக் கொடுத்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று நெகிழ்ந்துபோய், "என்ன மனசு, பாத்தீங்களா?" என்றேன் டீக்கடைக்காரரிடம்.

"நல்ல மனசுதான் சார்," என்றார் அவர். "பாய்லர்ல வெந்நீர் கொதிச்சிக்கினு கெடக்குது. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."