ஒரு பொட்டலம், ஒரு டம்ளர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. கல்வராயன் மலையடிவாரத்தில் நான் கிராம நர்ஸ். பஸ் கிடையாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடைதான்.

செல்வி கூலி வேலைக்குப் போகிறவள். அவளுடைய ஏழு மாதப் பெண் குழந்தைக்குச் சளி, கூடவே வயிற்றுப்போக்கு. காலையில் நான் பார்த்தபோது குழந்தை சிரித்தது. உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டைக் கொடுத்தேன்.

"ஒரு லிட்டர் தண்ணியில ஒண்ணக் கரைச்சி, அப்பப்ப ஸ்பூன்ல குடு. தாய்ப்பால நிறுத்தாத," என்றேன்.

இன்னும் நாலு வீடு பாக்கி. பெரிய கலெக்டர் உத்தியோகம் பார்க்கிற மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஓடினேன். குழந்தையின் கண் குழிந்திருந்தது. உதடு வறண்டு, டம்ளரைக் கண்டாலே தாகத்தில் துடித்தது.

"மருந்து குடுத்தியா?"

"ரெண்டும் குடுத்துட்டேங்க நர்சம்மா. அப்பவும் போய்க்கினே இருக்கு."

"எவ்ளோ தண்ணியில கரைச்ச?"

"ஒரு டம்ளருங்க. சளி புடிச்ச புள்ளைக்குத் தண்ணி ஜாஸ்தி ஆவாதே. மருந்து உள்ள போனா சரின்னு தண்ணியக் கம்மி பண்ணேன்."

டம்ளர் அடியில் இருந்த மிச்சத்தை நாக்கில் வைத்தேன். ஐயோ, கருவாடு ஊறின தண்ணீர் தோற்றது! அவ்வளவு உப்பு போனால் பேதி அடங்காது, உடம்பில் இருக்கிற தண்ணீரையும் இழுத்துவிடும். டிரிப்ஸ் ஏற்றியாக வேண்டும்.

தூக்கிக்கொண்டு ஓடினோம். மறியல் செய்தவர்களே குழந்தையைப் பார்த்ததும் கிளைகளை விலக்கி வழிவிட்டார்கள். வழியில் உட்காரவைத்துத் தாய்ப்பால் கொடுக்கச் சொன்னேன். குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. மூன்றாவது மரத்தைத் தாண்டும்போது வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

செல்வி ரோட்டிலேயே உட்கார்ந்தாள். "நான் இன்னாங்க தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. ரோடு தொறந்திருந்தா பொழச்சிருக்கும்," என்றேன்.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நான்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களே, பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு வராதீர்கள். அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அளந்து, கரைத்துக் காட்டுங்கள். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கப் பயமா என்று தாயிடம் கேளுங்கள். கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

செல்வி இன்றும் என்னைப் பார்த்தால் கும்பிடுவாள். "எம் புள்ளையத் தூக்கிக்கினு ஓடினது நீங்கதானேங்க," என்பாள். வெட்கமில்லாமல் நானும் பதிலுக்குக் கும்பிடுகிறேன்.