இர்ஷாத் பேசி முடிக்கும்வரை

செய்தி வந்தபோது நான் குண்டசாலையில் ஒரு வீட்டுக் கூரையில் நின்று சோலார் பலகைகளின் இணைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் போன் எடுக்கிற பழக்கம் எனக்கில்லை. திரையில் 'இர்ஷாத் நானா' என்று விழுந்ததால் எடுத்தேன். என் நண்பன் இர்ஷாத்தின் அண்ணன். அம்மா சுகமா, அப்பா சுகமா, நாவலப்பிட்டியில் மழையா என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிற மனிதர். அன்று எதையும் விசாரிக்கவில்லை.

"தம்பி, இர்ஷாத் மௌத்தாகிட்டான். டெங்கு. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். உங்களுக்கு வர ஏலுமா?"

கூரையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவர்கள் ஊரான அலவத்துகொடையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டிருந்தது. அவன் பெயரையும் அவன் வாப்பாவின் பெயரையும் ஊரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. இர்ஷாத் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். சொந்தப் பெயரை அவன் ஒருநாளும் அந்த வேகத்தில் சொன்னதில்லை.

அவனுக்குப் பேச்சு திக்கும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்வது அவனுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனால் எழுத்தில் அவனைத் திக்கவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. அவன் சொன்னவற்றை முழு வாக்கியங்களாகவே தருகிறேன். அவனைத் தெரிந்த நீங்கள் இடைவெளிகளை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். தெரியாதவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மாத்தளை பஸ் கடந்துபோகும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரே ஆண்டு. அவன் சிவில், நான் மின்சாரம். அங்கே பெரிதாகப் பழகியதில்லை. இருவருக்கும் இத்தாலியில், டூரின் நகரத்தில் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. ஒரே நாட்டுக்காரர்கள் என்று விடுதியில் ஒரே அறையைத் தந்துவிட்டார்கள். பொறுமை இல்லாதவனையும் பேச நேரம் எடுப்பவனையும் ஒரே அறையில் போட்டால் என்ன நடக்கும் என்று அந்த விடுதிக்காரர்கள் யோசித்திருக்க நியாயமில்லை.

நான் அவன் வாக்கியங்களை முடித்துவைப்பேன். "மச்சான், கடைக்குப் போனா..." என்று தொடங்கி நின்றானானால், "பாலா?" என்பேன். பால்தான் முடிந்திருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் முந்திக்கொண்ட ஒரே காரணத்துக்காக அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஆறுதலாக, "முட்டை" என்பான். குசினியில் முட்டை அடுக்கடுக்காக இருக்கும். இருவரும் வெறும் தேநீரைக் குடிப்போம்.

"உனக்கு என்னடா கொழுப்பா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"என்ட வசனத்த நீ முடிச்சா அது உன்ட வசனம். நான் வேற ஒண்டத் தொடங்குவேன்."

விடுதிக்குப் பக்கத்தில் துண்டு பீட்சா விற்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, தயாரானதும் கூப்பிடுவார்கள். இர்ஷாத்துக்கு மிகக் கஷ்டமான சொல் 'இர்ஷாத்'. அதனால் முதல் நாளே 'மாரியோ' என்று சொல்லிவிட்டான். அந்தத் தெருவே அவனை மாரியோ என்று கூப்பிடத் தொடங்கியது. முழு மாப்பிள்ளைத் தாடியோடு, வெள்ளிக்கிழமை தொப்பியோடு, மாரியோ.

"வாப்பா வச்ச பேரு என்னாகுறது?" என்றேன்.

"வச்சது வாப்பா. செல்றது நான்தானே" என்றான். அவன் ஊர்ப் பேச்சில் சொல்வது 'செல்றது'.

ட்ராமில் போகும்போதுதான் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தேன். பனிக்காலத்து மாலை. நிறுத்தங்களின் பெயர்களை ஒலிப்பதிவுக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. இர்ஷாத் திடீரென்று கண்டக்டர் குரலில், "கட்டுகஸ்தோட்டை, அம்பதென்ன, அக்குறணை, அலவத்துகொட, மாத்தளே மாத்தளே!" என்று இழுத்துக் கத்தினான். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. எதிரே இருந்த கிழவி தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், இது வருதே! அப்ப வாய்ப் பரீட்சையையும் இப்படியே கத்திட்டுப் போயேன்."

"புரபெசர் ஏறுற பஸ் இல்ல மச்சான் அது."

அன்றிலிருந்து ஊர் நினைப்பு மிஞ்சிப்போகிற நாட்களில் அந்த வழித்தடத்தைச் சொல்லச் சொல்வேன். சொல்வான். பிறகு என்னுடையதைக் கேட்பான். நான் கண்டியிலிருந்து கம்பளை வழியாக நாவலப்பிட்டிவரை சொல்வேன். இருவரும் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுப் பார்ப்போம். வெளியே இருப்பது எந்த ஊரும் இல்லை, டூரின்.

அவன் ஊருக்காக ஏங்கியது சாப்பாட்டுக்காக அல்ல. அதை அவனே நன்றாகச் சமைப்பான். உம்மாவோடு வீடியோவில் பேசும்போது எனக்கு அது விளங்கியது. அவர் போனை மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்துவைத்துவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருப்பார். இவன் ஒரு சொல்லில் நிற்பான். அவர் வெங்காயத்தை அரிந்துகொண்டே இருப்பார். முகத்தில் இரக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. சொல் வந்ததும், "அப்பிடியா மகன்?" என்பார்.

"இங்க எல்லாரும் நல்ல மனிசர். நான் நின்டா மத்தப் பக்கம் பாக்குறாங்க. ஊர்ல பாத்துட்டே நிப்பாங்க. பகிடி பண்ணுவாங்க, ஆனா நிப்பாங்க" என்று ஒருமுறை சொன்னான்.

இத்தாலிக்குப் போகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பரீட்சையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பெரும்பாலான பாடங்களில் பேராசிரியருக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். மண்டபம் திறந்திருக்கும், யாரும் வந்து கேட்கலாம். முடிவில் முப்பதுக்கு இத்தனை என்று அவர் அங்கேயே சொல்வார். பிடித்தால் ஏற்கலாம். பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு அடுத்த தவணையில் மறுபடி வரலாம். எழுத்துப் பரீட்சைகளாலேயே பேராதனைவரை வந்து, அங்கும் முன்வரிசையில் நின்ற இர்ஷாத், இந்த முறைக்குள் போய் விழுந்தான்.

மற்றப் பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டான். மிஞ்சியது கட்டமைப்பு இயக்கவியல். ஜூன் மாதத் தவணைக்குப் போனான். கோடை விடுமுறைக்குள் அந்தப் பாடம் சித்தியாகாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், அறையும் போய்விடும், பட்டம் இல்லாமல் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். நான் வெளியே நடைக்கூடத்தில் நின்றேன். அவன் சீக்கிரமே வந்துவிட்டான்.

"என்ன தந்தார்?"

"இருபது."

"பாஸ்! வா, காப்பி குடிப்போம்."

"வேணாண்டு செல்லிட்டேன்."

"எதை, காப்பியையா?"

"இருபத."

அந்த நடைக்கூடத்தில் தமிழில் நான் கத்தியதை எல்லா நாட்டுக்காரர்களும் கேட்டார்கள். "லூசாடா நீ? அடுத்த வாட்டி கவுந்தா எல்லாம் போச்சு! உம்மாகிட்ட என்னன்னு சொல்லுவ?"

"அவர் விடைக்குப் புள்ளி போடல்ல மச்சான். என்ட வாயப் பாத்துப் பாவப்பட்டுப் போட்டார். பாதியிலயே 'போதும், விளங்கிட்டு'ண்டார். அவருக்கு விளங்கல்ல. நான் இன்னும் செல்லவே இல்ல."

நான் மின்சாரக்காரன். ஒரு பாதையில் தடை இருந்தால் வேறு பாதையில் கம்பி இழுப்பேன். எழுத்தில் பரீட்சை வைக்கச் சொல்லிப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சலை நானே தயாரித்தேன். அங்கே அப்படிக் கேட்கலாம், தருவார்கள். இர்ஷாத் அதைப் பொறுமையாக வாசித்தான்.

"நல்ல இங்கிலீஷ். ஆனா எனக்கு வேற பாதை வேணாம். இதே பாதையில கொஞ்சம் நேரம் தந்தாப் போதும்."

அவன் பேராசிரியரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பெயர்ப் பட்டியலில் தன்னைக் கடைசியாகப் போட வேண்டும். தனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஜூலை மாதம். மண்டபம் சூளை போலக் கொதித்தது. என்னை உள்ளே வரவிட்டான், ஆனால் முன்வரிசையில் உட்கார விடவில்லை.

"நீ பின்னுக்கு இரு. உன்ட வாய் அசையும்."

உண்மைதான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு போனார்கள். மண்டபம் காலியானதும் இவன் பெயர் வந்தது. பேராசிரியர் அதைக் கடித்துக் குதறினார். இர்ஷாத் கதிரையில் உட்காருமுன் தன் முழுப் பெயரையும் சொன்னான். மாரியோ என்று சொல்லிவிடுவானோ என்று எனக்கு ஒரு கணம் பயம் வந்தது. சொல்லவில்லை. நேரம் எடுத்து, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னான்.

ஒரு பாலம் காற்றில் ஆடுவதைப் பற்றிய கேள்வி. கரும்பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டே வந்தவன் ஒத்ததிர்வு என்ற சொல்லில் நின்றான். ஆங்கிலத்தில் அது 'ரெசொனன்ஸ்', அவனுக்கு மோசமான எழுத்தில் தொடங்கும் சொல். தாடை இறுகியது, கண் மூடியது. பேராசிரியர் நல்ல மனிதர், உதவ வாயைத் திறந்தார். கண்ணைத் திறந்த இர்ஷாத், கண்டி மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் பொலிஸ்காரன் வாகனத்தை மறிப்பதைப் போலக் கையை உயர்த்தி அவரை மறித்தான். அவர் வாயை மூடிக்கொண்டு பேனையைக் கீழே வைத்தார். வெளியே ஒரு ட்ராம் வந்து, நின்று, போனது. அதன் பிறகு அந்தச் சொல் வந்தது. அதற்குப் பின்னால் மீதிப் பாலம் முழுவதும் வந்தது.

"இருபத்தொன்பது" என்றார் பேராசிரியர்.

"மத்த ஒன்று எங்க?" என்று இவன் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே பலகையில் ஓர் இடத்தைக் காட்டினார். கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் கழித்தல் குறி.

அந்த மாலை முழுவதும் அவன் பேசியது கிடைத்த புள்ளிகளைப் பற்றி அல்ல. "அந்த ஒன்று நான் விட்ட பிழைக்குப் போனது மச்சான். என்ட வாய்க்குப் போகல்ல." ஒரு மனிதன் இழந்த புள்ளிக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பட்டம் பெறும் நாளில் அங்கே தலையில் இலைக் கிரீடம் வைப்பார்கள். அதோடு உம்மாவை வீடியோவில் அழைத்தான். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "அது புரியாணிக்குப் போடுற இலைதானே மகன்? கழுவிட்டு வச்சாங்களா?" என்றார். அங்கேயே வேலைக்கு நில் என்று சொன்னார்கள். அவன் நிற்கவில்லை. கண்டிக்குத் திரும்பி, மண் சரியும் மலைச்சரிவுகளுக்குத் தாங்கு சுவர் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தான். நானும் திரும்பிவந்தேன். எனக்குப் பல காரணங்கள் இருந்தன. அவனுக்கு என்ன காரணம் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

காய்ச்சல் வருவதற்கு முந்திய வாரம் அவன் என்னை அழைத்தான். நான் நாவலப்பிட்டிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். கம்பளை தாண்டிவிட்டது. ஏதோ ஒரு சுவரைப் பற்றிப் பேசிவிட்டு, "மச்சான், உனக்கிட்ட ஒன்று செல்லோணும். நான்..." என்று நின்றான்.

நான் எதையும் முந்திச் சொல்லவில்லை. வடைக்காரன் வந்தான், வேண்டாம் என்று கையால் காட்டினேன். தேயிலைச் சரிவுகள் போயின. உலப்பனையில் ரயில் நின்று புறப்பட்டது. போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். எதிரில் இருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் ஆள் இல்ல போல இருக்கே" என்றார். எடுத்துப் பார்த்தேன். லைன் அறுந்து கிடந்தது.

வீட்டுக்குப் போய் அழைத்தேன். "போன்ல வேணாம், நேர்ல செல்றேன்" என்றான். பிறகு காய்ச்சல். பிறகு நானாவின் அழைப்பு. மையவாடியில் மண் போட்டுவிட்டு வரும்போது நானாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கல்யாண விஷயமாக இருக்கலாம் என்றார்.

அந்த அழைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பது என் போனில் பதிவாகியிருக்கிறது. நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பது எங்கும் பதிவாகவில்லை. அந்த மௌனத்தில் எதுவரை இர்ஷாத், எங்கிருந்து அறுந்த லைன் என்று பிரித்துச் சொல்ல என் படிப்பால் முடியாது. நான் பிரிக்கப்போவதும் இல்லை. முழுவதையும் அவனுடையதாகவே வைத்துக்கொள்கிறேன்.